ஆடு நக்கிய மண்

இந்தக் காலத்து மனுஷனுக்கு ஒரு மரம் பட்டுப்போனால் தண்ணீர் ஊற்றத் தோன்றுவதில்லை. முதலில் செல்போனை எடுத்துப் படம் பிடிக்கிறான். அதை நாலு பேருக்கு அனுப்புகிறான். அப்புறம் பழியை யார் தலையில் கட்டலாம் என்று சுற்றும்முற்றும் பார்க்கிறான். வேரைத் தோண்டிப் பார்க்கிறவன் ஒருத்தன் உண்டா? கிடையாது. தோண்டினால் கையில் மண் ஒட்டுமே!

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில், முனீஸ்வரியின் லோடு ஆட்டோவில் உட்கார்ந்து இப்படித்தான் பொரிந்து தள்ளிக்கொண்டு வந்தார் ஆண்டிச்சாமி.

“மாமா, ஏறுனதுலேருந்து திட்டிக்கிட்டே வாரீய. டீசல் ஊத்தாமலே உங்க சூட்டுல வண்டி ஓடிரும் போல” என்றாள் முனீஸ்வரி.

“ஏட்டி, ரோட்டப் பாத்து ஓட்டு.”

“ரோட்டத்தான் பாக்கேன். அதுவும் என்னப் பாத்து முறைக்கு. உங்க சொந்தமா இருக்கும்.”

ஆண்டிச்சாமி போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். படிப்பு எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனாலும் காணாமல் போன மாடு, களவுபோன மோட்டார் என்று இன்னும் ஆட்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள். மூளைக்காக வரவில்லை, அவருடைய சந்தேகத்துக்காக வந்தார்கள். பெற்ற மகன் வணக்கம் சொன்னாலும், “எதுக்கு இன்னைக்குச் சொல்லுதான்?” என்று யோசிக்கிற ஆள் அவர். முனீஸ்வரி அவருடைய மச்சினன் மகள். தேங்காய் லோடு அடிப்பவள். லோடு இல்லாத நாட்களில் மாமாதான் லோடு.

அப்பேர்ப்பட்ட ஆண்டிச்சாமியும் கேள்வி கேட்காமல் நம்புகிற மனுஷன் ஒருத்தர் உண்டு. விஜயபாண்டி. இரண்டு பேரும் ஒரே நாளில் போலீசில் சேர்ந்தவர்கள். ஒரே லத்தியில் இரண்டு பேரும் அடி வாங்கிய கதையும் உண்டு. ஆண்டிச்சாமியின் மனைவி இறந்தபோது, பதினாறாம் நாள் விசேஷம் முடிகிறவரை தன் வீட்டுக்குப் போகாமல் கூடவே கிடந்தவர். அந்த விஜயபாண்டிதான் காலையில் போன் போட்டிருந்தார்.

“மாப்ள, எம் மரமெல்லாம் சாவுது. நீ வந்து பாத்து ஒரு வார்த்த சொல்லணும்.”

விஜயபாண்டியின் வீடு சத்திரப்பட்டி ரோட்டில், ராஜபாளையத்துக்கு வெளியே இருந்தது. வீட்டைவிட முன்வாசல் பெரிது. காம்பவுண்டு சுவரை ஒட்டி வரிசையாக அழகுக்கு வைத்த மரங்கள். சரக்கொன்றை, மந்தாரை, பாட்டில் பாம் என்கிற அழகுப் பனை, பவளமல்லி. காய்க்கவும் செய்யாது, கட்டில் போட்டுப் படுக்க நிழலும் தராது. கல்யாண வீட்டுக்கு வந்த பட்டணத்துச் சொந்தக்காரர்களைப் போலப் பார்க்க மட்டும் அழகு. இப்போது அந்த அழகும் போயிருந்தது. இலைகள் ஓரத்திலிருந்து கருகி, நடு நரம்பு மட்டும் கொஞ்சம் பச்சையாக, கொத்துக் கொத்தாகத் தொங்கின. சரக்கொன்றை முழுசாகச் செத்தே போயிருந்தது.

வாசலுக்கே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார் விஜயபாண்டி.

“வா மாப்ள. பாத்தியா கொடுமைய? எல்லாம் அந்தா இருக்கே, அந்தப் பட்டறத் தண்ணி.”

சுவருக்கு அந்தப் பக்கம் ரோட்டோரமாக ஒரு தகரக் கொட்டகை. புண்ணுக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணியை வெளுக்கிற பட்டறை. வெங்கடேஸ்வரி என்று ஒரு பெண் நடத்துகிறாள். புருஷன் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் அஞ்சாறு பேரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறாள்.

“பிளீச்சிங் தண்ணி வேருல எறங்குது. சாயங்காலம் நம்ம ஊர்ப் பெரியாளுக வாராக. நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும், பட்டறையக் காலி பண்ணச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிருவாக.”

“நான் சொன்னா மட்டும் கேப்பாகளாக்கும்?” என்றார் ஆண்டிச்சாமி.

“பெத்த தாயவே சந்தேகப்படுற பய நீ. நீயே நம்பிட்டேன்னா ஊரு நம்பாதா?”

அது புகழ்ச்சி என்றுதான் எடுத்துக்கொண்டார் ஆண்டிச்சாமி. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தும் போனார்.

ஆனால் கண் அதன் வேலையைப் பார்த்தது. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் புல் பச்சைப் பசேலென்று கிடந்தது. மரத்தடியில் மட்டும் வட்டமாகக் கருகியிருந்தது. சுவரின் மூலையில், பட்டறைக்கு மிகக் கிட்டத்தில், ஒரு தென்னை குலை தள்ளி ஜோராக நின்றது.

“பிளீச்சிங் தண்ணிக்குக் கண்ணு இருக்கு மாமா” என்றாள் முனீஸ்வரி. “புல்லத் தொடாம, தென்னையத் தொடாம, அழகான மரமாப் பாத்துத் தேடிப் போயி நக்குது.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, திறந்து கிடந்த கேட் வழியாக ஒரு வெள்ளாடு உள்ளே வந்தது. பச்சைப் புல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே செத்துப்போன சரக்கொன்றையின் தூருக்குப் போய், தலையைக் குனிந்து, வெறும் மண்ணை நக்க ஆரம்பித்தது.

“ச்சூ! போ! தெரு ஆடு மாப்ள. தெனம் வந்து இதே ரோதன” என்று கல்லை எடுத்தார் விஜயபாண்டி.

“விரட்டாத” என்றார் ஆண்டிச்சாமி. “புல்ல விட்டுட்டு மண்ணத் திங்கிற ஆடு சும்மாத் திங்காது.”

ஆட்டைத் தள்ளிவிட்டு, அது நக்கிய இடத்தில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். முகம் சுளித்துத் துப்பினார்.

“காலைல ஒண்ணும் சாப்பிடாம வந்துட்டீயளா மாமா? சொல்லியிருந்தா வழியில புரோட்டாக் கடையில நிறுத்தியிருப்பேன்ல?”

“ஏட்டி, மம்பட்டிய எடு.”

தோண்டினார்கள். மரத்திலிருந்து மூன்றடி தள்ளி அரை வட்டமாக ஒரு குழி ஏற்கெனவே வெட்டி மூடப்பட்டிருந்தது. மேலே தேங்காய் மட்டைகள், குழிந்த பக்கம் வானத்தைப் பார்க்க, வரிசையாக அடுக்கியிருந்தன. மட்டைக்கு அடியில், பாதி கரைந்து, ஈரத்தில் மின்னியது கல்லுப்பு. கை நிறைய அள்ளலாம். அடுத்த மரத்தடியிலும் அதே குழி. அதற்கடுத்ததிலும்.

“இது தென்னைக்கு உப்பு வைக்கிற பக்குவம்லா” என்றாள் முனீஸ்வரி. “மட்டையக்கூட மல்லாத்தித்தான் வச்சிருக்கு. ஈரம் தங்கணுமாம்! சாகடிக்கிறதுலயும் எம்புட்டு அக்கற பாருங்க.”

தென்னை உப்பைத் தின்று செழிக்கும். சரக்கொன்றை தாங்காது. ஆனால் ராஜபாளையத்தில் தென்னைக்கு உப்பு வைக்கத் தெரியாத கை எது? அதை வைத்து ஒருத்தனைப் பிடிக்க வேண்டுமென்றால் சேத்தூர் வரைக்கும் பாதிச் சனத்தைப் பிடிக்க வேண்டும். ஆண்டிச்சாமி தாடையைச் சொறிந்தார்.

விஜயபாண்டிக்கு முகம் வெளுத்திருந்தது. அதுவும் ஒரு நிமிஷம்தான்.

“உப்பா? அப்ப சரியாப் போச்சு மாப்ள! சாயத்துக்கு உப்புப் போடுவாகள்ல? அவகிட்ட மூடை மூடையா இருக்கும். பட்டறைக்குப் பின்னாடி போய்ப் பாரு, தெரியும்.”

வேறு யார் சொல்லியிருந்தாலும், “உனக்கெப்படித் தெரியும்?” என்று கேட்டிருப்பார். சொன்னது விஜயபாண்டி. அதனால் எழுந்து போனார்.

பட்டறைக்குள் வெள்ளைத் துணி கொடி கொடியாகத் தொங்கியது. அதை விலக்கிக்கொண்டு வந்த வெங்கடேஸ்வரி, இடுப்பில் கையை வைத்து ஆண்டிச்சாமியை அளந்தாள்.

“வாங்க ஏட்டையா. காக்கிச் சட்டையக் கழட்டிட்டாலும் காக்கி நடை போகல பாத்தீயளா?”

“இங்கன உப்பு இருக்கா?” என்றார் அவர், சுற்றி வளைக்காமல்.

“இருக்கு. ஊறுகா சாடியில.”

“விளையாடாத. சாயத்துக்கு வாங்குற உப்பு.”

“சாயமா?” அவள் ஒரு துணியை இழுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். “இது புண்ணுல கட்டுற துணிய்யா. ஆஸ்பத்திரிக்குப் போறது. இதுக்கு ரோசு கலரும் மஞ்சக் கலருமா அடிப்பாக? வெளுக்கிற எடத்துல சாயம் எதுக்கு? சாயம் இல்லாத எடத்துல உப்பு எதுக்கு?”

முனீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆண்டிச்சாமிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. வாய் பேசுகிறவளை அவர் எப்போதுமே ஒரு படி கூடுதலாகச் சந்தேகப்படுவார். கொட்டகையைச் சுற்றிப் பின்னால் போனார். சுவரை ஒட்டிக் கிடந்தது ஒரு காலிச் சாக்கு. மேலே பச்சை மையில் கிளிப் படம். தையல் மடிப்பில் உப்புக் கல் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

“இது?”

வெங்கடேஸ்வரி சாக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

“சத்தியமா எனக்குத் தெரியாது. இந்த எடத்தக் கேட்டுப் போன வருசம் வந்தாக உங்க சேக்காளி. பின்னாடி கெடக்குற அவிய நிலத்துல மகன் கல்யாண மண்டபம் கட்டப்போறானாம். ரோட்டுக்கு வர எம் பட்டறை குறுக்க நிக்காம். தர மாட்டேன்னேன். தந்துட்டு நான் எங்க போக? எனக்குச் சோறு போடுறது இந்தத் தொட்டிதான். இந்தப் பொம்பளைகளுக்கும் அதான். இன்னைக்குச் சாயங்காலம் நீங்க ஒரு வார்த்த சொன்னா எங்க அடுப்பு அணைஞ்சிரும். அத மட்டும் நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க.”

அழவில்லை. அழுதிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

சாக்கைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். வண்டி கிளம்பியதும் முனீஸ்வரி ஆரம்பித்தாள்.

“மாமா, முந்தாநேத்து ராத்திரி மழை பேஞ்சுதுல்ல?”

“பேஞ்சுது.”

“சாக்கு காஞ்சு கெடக்கு. மடிப்புல இருக்குற உப்புகூடக் கரையல. மழைக்குப் பொறவுதான் யாரோ வீசியிருக்காக.”

“அது எனக்குத் தெரியாதாக்கும்?”

“தெரியும். பின்னாடி போய்ப் பாருன்னு சொன்னது யாருன்னும் தெரியும்ல?”

“ஏட்டி!” ஆண்டிச்சாமியின் குரல் வண்டிச் சத்தத்தையும் மீறியது. “அவன் யாரு தெரியுமா? உங்க அத்த செத்தப்ப எனக்குச் சோத்தப் பிசைஞ்சு ஊட்டுனவன். இன்னொரு தடவ இப்பிடிப் பேசுன, எறங்கி நடந்து போயிருவேன்.”

“எங்க போறோம்னு சொல்லிட்டு எறங்குங்க. நான் முன்னாடி போய் வெயிட் பண்ணுதேன்.”

கிளிப் படம் போட்ட சாக்கில் உப்பைக் கட்டி விற்பவர் அந்த வட்டாரத்தில் ஒருத்தர்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில், மார்க்கெட்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கிற தவசிமுத்து. கடைக்குள் போனதும் ஆண்டிச்சாமியின் கண் மேலே போனது. மூலையில் ஒரு கேமரா.

“ஓடுமா?” என்றார்.

“ஓடாது ஏட்டையா. களவாணிப் பயலுக பயப்படட்டும்னு மாட்டி வச்சிருக்கேன்” என்றார் தவசிமுத்து.

“அப்ப உப்புக்கு ஒரு சோளக்கொல்லை பொம்மை” என்றாள் முனீஸ்வரி.

ஆண்டிச்சாமி சாக்கை விரித்துப் போட்டார். “இது யாருக்குக் குடுத்தது?”

“ஊரு பூரா வாங்குது. தென்னைக்கு, கருவாட்டுக்கு, மாட்டுக்கு. யாருன்னு சொல்ல?”

“ராஜபாளையத்துப் பக்கம் இருந்து. திரும்பத் திரும்ப.”

தவசிமுத்து நெற்றியைத் தேய்த்தார். பிறகு விரலைச் சொடுக்கினார்.

“ஒருத்தர் இருக்காரு. சத்திரப்பட்டி ரோட்டுல வெங்கடேஸ்வரி பட்டறைக்குன்னு வாங்குவாரு.”

ஆண்டிச்சாமியின் மார்பில் அடைத்திருந்தது சட்டென்று இறங்கியது. ஆக, அவள்தான். விஜயபாண்டி சொன்னது சரி. முனீஸ்வரியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பார்த்தபோதே, நாற்பது வருஷத்துப் பழைய ஏட்டு உள்ளே எழுந்து உட்கார்ந்துகொண்டான். உட்கார்ந்தவன் கேட்டான்: உப்பு வாங்க வருகிறவன் எவனாவது பேர் சொல்லி வாங்குவானா?

“நீரு பேரு கேட்டீரா?”

“நான் எதுக்குக் கேக்கேன்? அவராச் சொன்னாரு. வரும்போதெல்லாம் சொல்லுவாரு. ‘வெங்கடேஸ்வரி பட்டறைக்கு, ஞாபகம் வச்சுக்கிடுங்க’ன்னு.”

“ஆளு எப்பிடி?”

“முகம் பாக்கல. ஹெல்மெட்டக் கழட்டவே மாட்டாரு. நல்ல ஆள்தான். பக்திமான். மூடையத் தூக்குறதுக்கு முன்ன ஒரு கல்லு உப்ப எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிடுவாரு. உப்பு மகாலட்சுமில்ல? அதுவும் வெள்ளிக்கிழம.”

“வெள்ளிக்கிழமையா?”

“எப்பவும் வெள்ளிக்கிழமதான். கோயிலுக்கு வந்துட்டு வருவாரு போல. இன்னொண்ணு ஏட்டையா, சிரிக்காதீய. அவரு வந்துட்டுப் போனா எங் கடையில செத்த நேரம் உப்பு வாடையே இருக்காது. செண்பகப் பூ வாசமா அடிக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை.

முனீஸ்வரி சாக்கை மடிக்கக் குனிந்தாள். மடித்து முடித்த பிறகும் நிமிரவில்லை. மாமாவின் முகத்தைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுச் செண்பகப் பூவைப் பறித்து, பனையோலைக் கொட்டானில் வைத்து, ஸ்கூட்டரில் கொண்டுவந்து ஆண்டாளுக்குக் கொடுக்கிற ஆள் யார் என்று ஆண்டிச்சாமிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பூவைக் கொடுத்துவிட்டு விஜயபாண்டி இவர் வீட்டுக்கும் வருவார். இவர் போடுகிற காப்பியைக் குடிப்பார். “சர்க்கரை கம்மி மாப்ள” என்பார். அந்த நேரத்தில் வாசலில் நின்ற ஸ்கூட்டரில் இந்த மூடை இருந்திருக்கிறது.

வண்டி ராஜபாளையத்துக்குத் திரும்பியது. முனீஸ்வரி பேசாமல் வண்டி ஓட்டியதை ஆண்டிச்சாமி அன்றைக்குத்தான் பார்த்தார்.

முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார் விஜயபாண்டி. ஆட்கள் இன்னும் வரவில்லை.

“என்ன மாப்ள, ஆப்ட்டாளா?”

ஆண்டிச்சாமி நாற்காலிகளைத் தாண்டினார். சுவரோரமாக நடந்தார். செத்த சரக்கொன்றை, சாகிற மந்தாரை, கருகிய பவளமல்லி எல்லாவற்றையும் தாண்டி, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். அங்கே நின்றது செண்பகம். பட்டறைச் சுவரை உரசிக்கொண்டு, ஒரு இலைகூட வாடாமல், உச்சி முழுக்கப் பூத்து நின்றது. காலையில் வரிசையைப் பார்க்கும்போது இதையும் பார்த்தார்தான். செத்ததைத் தேட வந்தவருக்கு, வரிசையில் உயிரோடு நின்றது உறைக்கவில்லை.

“இதுக்கு ஏன் ஒண்ணும் ஆகல பாண்டி?”

“அது... அது ஆண்டாளுக்குப் போற பூவுல்ல? அவ காப்பாத்திட்டா.”

“அவ காப்பாத்தல. நீ காப்பாத்துன.” ஆண்டிச்சாமி அடிமரத்தில் கையை வைத்தார். “உம்மேல வன்மம் உள்ளவ சுவரேறிக் குதிச்சு வந்தாள்னா, மொதல்ல கொல்லுறது இததான். உனக்கு வலிக்கிற எடம் இதுன்னு ஊருக்கே தெரியும். ஏணி போடாம எட்டிப் புடிக்கிற தூரத்துலயும் இருக்கு. மத்த எல்லாத்துக்கும் குழி வெட்டி, மட்டை அடுக்கி உப்பு வச்சவன், சாமி மரத்துல கை வைக்கப் பயந்திருக்கான். பயந்தவன் யாரு?”

விஜயபாண்டி ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“உப்புக் கடையில செண்பக வாசம் அடிச்சுதாம்” என்றார் ஆண்டிச்சாமி. “அங்க வரைக்கும் போயிட்டு வாரேன்.”

விஜயபாண்டி அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“மகன் பாடாப் படுத்துதான் மாப்ள” என்றார் விஜயபாண்டி. கடைசியில் வந்த குரல் போலீஸ்காரன் குரலாக இல்லை. “மண்டபம் கட்டணும், பாதை வேணும், நீ அப்பனா கல்லான்னு கேக்கான். அவ எடத்தத் தர மாட்டேங்கா. வேற வழி தெரியல. என் மரத்தத்தான கொன்னேன்? அடுத்தவன் பொருளையா தொட்டேன்?”

“என்ன எதுக்குக் கூப்ட்ட?”

விஜயபாண்டி கேட்டைப் பார்த்தார்.

“சொல்லு பாண்டி. எத்தன பேரு இருக்கான். என்ன எதுக்குக் கூப்ட்ட?”

“நீ யாரையும் நம்ப மாட்ட. அதனால நீ சொன்னா எல்லாரும் நம்புவாக.” நிறுத்தினார். “என்ன மட்டும் நீ சந்தேகப்பட மாட்டன்னு எனக்குத் தெரியும்.”

லத்தியால் அடித்திருந்தால்கூட ஆண்டிச்சாமி தாங்கியிருப்பார். வாழ்நாளெல்லாம் எல்லா வாசலையும் பூட்டிவைத்திருந்தவர், ஒரே ஒரு வாசலைத் திறந்து போட்டிருந்தார். களவு அந்த வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறது.

கேட்டுக்கு வெளியே பைக் சத்தம். ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். விஜயபாண்டி அவருடைய கையைப் பிடித்தார். காலையில் பிடித்த அதே பிடி.

“மாப்ள, நீ வாயத் திறக்காத. நானே எல்லார் முன்னாடியும் சொல்லிருதேன். அவமேல தப்பில்லன்னு நானே சொல்லுதேன். அந்த மரியாதைய மட்டும் எனக்குக் குடு.”

ஆண்டிச்சாமி கையை உருவிக்கொண்டார். ஆனால் சரி என்று தலையை ஆட்டினார்.

ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்தார்கள். நடுவில் சோலைராஜ், அவர்களில் மூத்தவர். சுவரோரமாக வெங்கடேஸ்வரி நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவளுக்குப் பின்னால் பட்டறைப் பெண்கள், ஈரக் கையோடு. ஆண்டிச்சாமி ஓரத்தில் நின்றார். பக்கத்தில் முனீஸ்வரி.

விஜயபாண்டி எழுந்தார்.

“பெரியவுகளுக்கு வணக்கம். நம்ம ஏட்டு வந்து பாத்துட்டாரு. பட்டறத் தண்ணிக்கும் மரத்துக்கும் சம்மந்தமில்ல. வெங்கடேஸ்வரிமேல ஒரு தப்பும் கிடையாது. மரத்தடியில உப்பு வச்சிருக்கு.”

வெங்கடேஸ்வரி பெருமூச்சு விட்டது ஆண்டிச்சாமிக்குக் கேட்டது. பரவாயில்லை, சொல்லிவிட்டான் என்று அவருக்கும் நெஞ்சு கொஞ்சம் இளகியது.

“வச்சது வேற யாருமில்ல” என்று தொடர்ந்தார் விஜயபாண்டி. “எம் பொண்டாட்டிதான்.”

வாசற்படியில் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள் பரிபூரணம். முட்டு வலிக்காரி. ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் படியிறங்க வேண்டும்.

“அவ பொறந்த தளவாய்புரத்துல தென்னைக்கு உப்பு வைப்பாகள்ல?” விஜயபாண்டி சிரிக்க முயன்றார். “பாட்டில் பாமும் தென்ன மாதிரிதான இருக்குன்னு, நல்லா வரட்டும்னு எல்லா மரத்துக்கும் வச்சிட்டா. எனக்கே இப்பத்தான் தெரியும்.”

பரிபூரணம் புருஷனைப் பார்த்தாள். பிறகு ஆண்டிச்சாமியைப் பார்த்தாள். அவரை அண்ணே என்று கூப்பிடுகிறவள். அந்தப் பார்வையில் கேள்வியும் இருந்தது, அண்ணே விட்டுருங்க என்ற கெஞ்சலும் இருந்தது. எது முந்தி வந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“ஆமா” என்றாள் பரிபூரணம். “நாந்தான். தெரியாம வச்சிட்டேன்.”

சோலைராஜ் தொடையைத் தட்டிச் சிரித்தார். “பாத்தீயளா! தென்னந்தோப்புல பொறந்தவளுக்கு நட்டமா நிக்கிறதெல்லாம் தென்னதான்! இதுக்குப் போயிப் பட்டறைய மூடச் சொன்னீயளேய்யா?”

மற்றவர்களும் சிரித்தார்கள். அவரவர் வீட்டில் எந்தக் கிழவி எந்த ரோஜாச் செடிக்கு உப்பு வைத்தாள் என்ற கதை ஒவ்வொன்றாகக் கிளம்பியது. விஷயம் முடிந்துவிட்டது. எல்லாருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

வெங்கடேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“யாரு வச்சாலும் சரி. இனி எம் பட்டறப் பக்கம் யாரும் கைய நீட்டாதீய” என்று சொல்லிவிட்டு நடந்தாள். ஆண்டிச்சாமியைக் கடக்கும்போது ஒரு கணம் நின்றாள். “நீங்க நம்பிட்டீயளா ஏட்டையா?”

அவர் வாயைத் திறந்தார். படியில் பரிபூரணம் தட்டைக் கீழே வைக்கக் குனிய முடியாமல், இன்னும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொன்னால் இவளும் ஊருக்கு முன்னால் பொய்க்காரி ஆவாள். வாயை மூடிக்கொண்டார். வெங்கடேஸ்வரிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மேலே கேட்காமல் போனாள்.

ஆண்டிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார். பின்னாலேயே ஓடிவந்தாள் முனீஸ்வரி.

“மாமா, பட்டற தப்பிச்சிருச்சுல்ல? அந்தமட்டுக்கும் சந்தோசப்படுங்க. வாங்க, வண்டியில ஏறுங்க.”

“நீ போ. நான் நடக்கேன்.”

“அந்தக் குழியெல்லாம் முட்டு வலிக்கார அக்கா உக்காந்து வெட்டுனாகளாம் மாமா. நானும் நம்பிட்டேன். நாளைக்கு என் வண்டியக்கூட அவியதான் தள்ளிக் குடுப்பாக.”

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

“மாப்ள! நில்லு மாப்ள!”

விஜயபாண்டி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

“அவசரத்துல அப்பிடி வந்துருச்சு. ராத்திரி பரிபூரணத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். உன்ன ஏமாத்தணும்னு நான் நெனைக்கவே இல்ல. வர்ற புரட்டாசிச் சனிக்கிழம எப்பவும் போல உங்க ஊருத் திருவண்ணாமல மலைப் பெருமாளப் பாக்க ரெண்டு பேரும் சேந்தே போவோம். இனிமே உங்கிட்ட ஒரு பொய் சொல்ல மாட்டேன் மாப்ள. சத்தியம்.”

ஆண்டிச்சாமி திரும்பினார்.

“எது மேல?”

விஜயபாண்டி வாயைத் திறந்தார். வீட்டைப் பார்த்தார். படியில் பெண்டாட்டி நின்றாள். சுவரைப் பார்த்தார். சுவருக்கு மேலே செண்பகம் தெரிந்தது. எதிரே நண்பன் முகத்தைப் பார்த்தார். கையைத் தூக்கியவர், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

அவர் பதில் தேடி முடிக்கிறவரை ஆண்டிச்சாமி காத்திருக்கவில்லை. ரோட்டைக் கடந்து, அந்தப் பக்க ஓரமாக, ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்.